முதல் இழுப்பு

எங்கள் வீட்டில் ஒரு பயணம் நடக்குமா நடக்காதா என்பதை வண்டிதான் முடிவு செய்தது. மாமனார் காலையில் குளித்து, திருநீறு இட்டு, காருக்குள் உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழை ஒரு முறை இழுப்பார். இஞ்சின் பிடித்துக்கொண்டால் கிளம்பலாம். பிடிக்காவிட்டால் இறங்கிவிடுவார். இரண்டாவது இழுப்புக்கு இடமில்லை. முதல் இழுப்பில் கிளம்பாத வண்டியில் ஏறிப் போனால் போன காரியம் உருப்படாது என்பது அவருடைய தீர்ப்பு. கல்யாணம், காதுகுத்து, பத்திரப் பதிவு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே சட்டம். கட்டிய புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மணவாள நகரில் வீடு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். கணவருக்கு வடக்கே ஓர் இரும்பாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை நான் மாமனார் மாமியாரோடு இருப்பது என்று ஏற்பாடு. அடுத்த மாதம் கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார்.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. அந்த வீட்டில் நான் தாராளமாகப் போய்வரக்கூடிய இடங்களை ஒரு நாள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். சமையலறை, கிணற்றடி, மொட்டை மாடி, மாமியார் கூட வந்தால் வெள்ளிக்கிழமைக் கோயில், கார் கொட்டகை. இவ்வளவுதான். கடைவீதிக்குத் தனியாகப் போனால் மாமனார் எதுவும் சொல்ல மாட்டார். நான் திரும்பும்வரை வாசலில் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியே இருக்கலாம் என்று தோன்றும்.

கார் நாற்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு நிறம். நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மாமனார் வாங்கியிருந்தார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர் காரில் வந்து இறங்குவதை ஊர் அப்போது வேடிக்கை பார்த்ததாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காருக்காகத்தான் அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

கல்யாணமான அடுத்த ஆண்டு எனக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலை. பம்புகளுக்கு உதிரி பாகங்கள் கடைகிறார்கள், அளவு சரிபார்க்கும் பிரிவுக்கு ஆள் வேண்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போவதென்றால் பட்டணம்வரை கிழக்கே போய், வேறு பாதையில் ஏறி வடக்கே வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையத்தில் இறங்கி இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டும்; அது வந்தால் வந்தது. மாமனார் கடிதத்தை மடித்துக் கொடுத்து, "பஸ்ஸுல இடிபட்டுக்கினு நீ போவ வாணாம். நான் இட்டுக்கினு போறேன்" என்றார்.

அன்று காலை வண்டி கிளம்பவில்லை. பெட்ரோல் வாடை மட்டும் கொட்டகை முழுக்க அடித்தது. அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"சகுனம் சரியில்லம்மா. வேற எடம் வரும்."

"இன்னொரு தடவ இழுத்துப் பாக்கலாமே மாமா."

"அது வழக்கமில்ல."

அவர் முகத்தில் கோபமோ பிடிவாதமோ இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தார். அதனால் என்னால் சண்டையும் போட முடியவில்லை. சான்றிதழ்களைப் பெட்டிக்குள் வைத்தேன். மாமியார் காபி கொண்டு வந்து கொடுத்தார்.

இஞ்சின் என்பது சகுனம் பார்க்காது. நெருப்புப் பொறி, பெட்ரோல், காற்று, அழுத்தம் நான்கும் சரியான நேரத்தில் சேர்ந்தால் பிடிக்கும், ஏதாவது ஒன்று குறைந்தால் பிடிக்காது. ஆகவே, ஒவ்வொரு காலையும் முதல் இழுப்பில் கிளம்புகிற வண்டியாக அதை மாற்றிவிட்டால் எனக்கு வழி திறக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். அடுத்த அழைப்பு வருவதற்குள் வண்டி தயாராக வேண்டும். எனக்கு வேலை கிடைப்பது அந்தக் கறுப்புக் காரின் கையில் இருந்தது.

"மாமா, வண்டிய நான் பாக்கட்டுமா? படிச்சதாவது மறக்காம இருக்கும்" என்று கேட்டேன். அவர் உடனே சரி என்றார். நான் வெளியே போகக் கூடாது, கொட்டகைக்குள் என்ன செய்தாலும் அவருக்குச் சம்மதம்.

எண்ணெய் மாற்ற மட்டும் மாதம் ஒரு முறை கடைவீதி மெக்கானிக் வருவார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, தோச திருப்பறத உட்டுட்டு ஸ்பேனர எட்த்துக்கினியா?"

"ரெண்டும் திருப்பறதுதானே அண்ணே."

"இது வண்டி இல்லம்மா, கெழவி. மூடு வந்தாத்தான் எழுந்துக்கும். அதுகிட்ட மல்லுக்கட்டாத, பேஜாரு."

கிழவியா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காரோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மின்சாரப் பகுதி இருந்தது, பிரேக் பகுதி இல்லை. பாலிடெக்னிக்கில் நான் பார்த்த இஞ்சின், பாதியாக வெட்டி, வண்ணம் பூசி, மேடைமேல் நின்றது. அதில் அழுக்கு கிடையாது. இதில் எந்த நட்டும் அதற்குரிய ஸ்பேனருக்கு அசையவில்லை. முதல் முறை பிளக் வயர்களைக் கழற்றி வரிசை மாற்றி மாட்டிவிட்டேன். இழுத்ததும் சைலன்சர் வெடித்தது, பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவர் ஏறின. அதன் பிறகு எதைக் கழற்றினாலும் சீட்டு கட்டிவிட்டுத்தான் கழற்றுவேன். கார்பரேட்டரைத் திறந்தபோது ஒரு குட்டி ஸ்பிரிங் தெறித்து மண்ணில் விழுந்தது. முறத்தை எடுத்து வந்து மண்ணை அள்ளிப் புடைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு எடுக்கறியா, காரு எடுக்கறியா?" என்று கேட்டார்.

சமையல் முடிந்த பிறகு, துணி உலர்த்திய பிறகு, மதியத்தில்தான் கொட்டகை. தகரக் கூரை கொதிக்கும். பொறியை உண்டாக்கும் பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்ப்பேன். பிளக் இடைவெளியை அளந்து தட்டுவேன். பெட்ரோல் குழாயில் சேர்ந்த துருவை ஊதி எடுப்பேன். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூஞ்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வேஸ்லின் தடவுவேன். கொட்டகைச் சுவரில் கரியால், கிளம்பாததற்கு இருக்கக்கூடிய காரணங்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்து அடித்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. சிறைக்குள் பூட்டைப் படிப்பவனுக்கு இருக்கும் கவனம்தான் எனக்கும் இருந்தது.

சில மாதங்களில் மதியத்தில் நான் இழுத்தால் வண்டி ஒரு நாளும் ஏமாற்றவில்லை. மாமனார் காலையில் இழுத்தாலும் பெரும்பாலும் கிளம்பியது. திருத்தணிக்குப் போகும் நாட்களில் தொட்டதும் கிளம்பியது. ஆனாலும் இடையிடையே ஒரு காலை, அதே பெட்ரோல் வாடையோடு, மறுத்துவிடும்.

அப்படி ஒரு காலை. பட்டணத்தில் உறவினர் வீட்டுச் சீமந்தம். கிளம்பவில்லை. அவர் உள்ளே போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டதும் நான் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் பெட்ரோலில் குளித்திருந்தன. துடைத்து, அடுப்பில் காட்டிச் சூடாக்கி, திரும்ப மாட்டி இழுத்தேன். ஒரே இழுப்பு. கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றது. அவர் வெளியே வரவில்லை. நானும் உடனே அணைத்துவிட்டேன்.

கார்பரேட்டரில் மிதவை சரி. ஊசி புதிது. பம்பு சரி. சுவரில் எழுதியிருந்த எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. கிளப்புவதற்கு முன் ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் பிளக் அப்படி நனையும். நனைந்த பிளக்கில் பொறி வராது. எழுதாமல் விட்ட பகுதி ஒன்றே ஒன்று. அது ஓட்டுகிறவர்.

மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தே, வண்டி எடுக்கறப்போ மாமா ஆக்சிலேட்டர எத்தினி தடவ மிதிப்பாரு?"

களைந்த தண்ணீரை வடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"போவணும்னா ஒரு தபா. போவ வாணாம்னா தையல் மிசினாட்டம் மிதிப்பாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்னாடி சீட்ல உக்காந்துக்கினு இன்னா பண்றேன் நானு? அவரு காலத்தான் பாக்கறேன். மூணு நாலு வருசமாத்தான் இந்தக் கூத்து. அதுக்கு முன்னால நெசமாவே கிளம்பாது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? முருகன் கூப்ட்டா ஓடுது, சிந்தாதிரிப்பேட்டைல என் தங்கச்சி பொண்ணு கண்ணாலத்துக்கு ஓடலயேன்னா? கேட்டா சண்ட. கேக்காட்டி சோறு. உலைய வை போ."

அன்று முழுக்க என் கை வேலை செய்தது, மனம் ஒரே இடத்தில் நின்றது. பூட்டு பழுது என்று நினைத்து இத்தனை மாதம் எண்ணெய் போட்டிருக்கிறேன். சாவியை உள்ளேயிருந்து ஒருவர் திருப்பிக்கொண்டிருக்கிறார். பிடிக்காத பயணங்களை அவர் இப்படித் தட்டிக்கழிக்கிறார், என் வேலையும் அவருக்குப் பிடிக்காத ஒன்று. அப்படித்தான் புரிந்துகொண்டேன். நேரே கேட்டால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகும். மகனுக்கு எழுதினால் தகப்பனைக் காட்டிக்கொடுத்ததாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அதே தொழிற்சாலையிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. போன முறை எடுத்த ஆள் நிற்கவில்லை. விண்ணப்பம் கைவசம் இருந்ததால், வருகிற திங்கட்கிழமை வந்து அளவுக் கருவிகளில் ஒரு சோதனை முடித்தால் அன்றே சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். பெரியபாளையம்வரை தொழிற்சாலை வேன் இனி தினமும் வரும் என்றும் இருந்தது. மாமனார் படித்துவிட்டு, "இட்டுக்கினு போறேன்" என்றார். முன்பு சொன்ன அதே குரல்.

திங்கட்கிழமை காலை கற்பூரத் தட்டோடு மாமியார் கொட்டகைக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். வரச் சொன்னதே மாமியார்தான் என்று பிறகு தெரிந்தது. மாமனார் கதவைத் திறக்கப் போனார்.

"இருங்க இருங்க" என்றார் மாமியார். "மருமக மொத மொதல்ல சம்பாதிக்கப் போறா. எங்கம்மா ஊட்டு வழக்கம், அவ கையாலதான் வண்டி எடுக்கணும்."

"உங்கம்மா ஊட்ல ஏதுடி வண்டி?"

"மாட்டு வண்டி இல்ல?"

"மாட்டு வண்டிய மருமக எடுப்பாளா?"

"மொத தட்டு அவதான் தட்டுவா. மாட்டுக்கே தெரியும் அது. உங்களுக்குத் தெரியாதா?"

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. வழக்கத்தின் பெயரால் வீட்டை நடத்தியவர் வழக்கத்தை எதிர்த்து என்ன சொல்வார்? விலகி நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை ஒரே ஒரு முறை மிதித்து, குமிழை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. மாமியார் என்னைப் பார்க்காமல் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு தட்டைச் சுற்றினார்.

மாமனார் ஓட்டினார், நான் பக்கத்தில். வெங்கல் தாண்டினோம். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம்தான் வேகம். பெரியபாளையம், ஆரணி. அதற்குப் பிறகு சாலை நேர் கிழக்கே திரும்பியது. சூரியன் கண்ணாடியில் நேராக அடித்தது. அவர் முன்னால் குனிந்து, ஸ்டீயரிங்கின் மேல் தாடை படும்படி உட்கார்ந்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. இஞ்சின் ஒழுங்காகத்தான் பாடியது. அவருடைய மூச்சுதான் ஏறியிறங்கியது. நான் வண்டியைக் கேட்பதை விட்டுவிட்டு அவரைக் கேட்கத் தொடங்கினேன்.

எதிரே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. சாலையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு, யாருக்கும் தெரிகிற அளவுக்குப் பெரியதாக வந்தது. அவர் ஒதுங்கவில்லை.

"மாமா, வண்டி! மாமா!"

பிரேக் பிடித்தார். எங்கள் பானெட்டின்மேல் வைக்கோல் உதிர்ந்தது. வண்டிக்காரர் எழுந்து நின்று கத்தினார்: "யோவ் பெரிசு! கண்ணு இன்னா பொடனிலயா கீது? மெட்ராஸ்காரன் கணக்கா காரு மட்டும் ஓட்ற!"

வைக்கோல் வண்டி விலகிப் போகும்வரை மாமனார் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தார். பிறகு இஞ்சினை அணைத்தார்.

"நீ சொல்ற வரிக்கும் எனக்கு அது தெரியலம்மா."

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"வெளிச்சம் மூஞ்சில அடிச்சா எல்லாம் பாலாட்டம் ஆயிடுது. மத்தபடி தெரியுது. பின்னாடி வெளிச்சம் இருந்தா நல்லாத் தெரியுது."

திருத்தணி மேற்கே இருக்கிறது. காலையில் போகும்போது சூரியன் முதுகில், மாலையில் திரும்பும்போதும் முதுகில். பட்டணமும் கும்மிடிப்பூண்டியும் கிழக்குப் பக்கம். போகும்போது முகத்தில், வரும்போதும் முகத்தில். இத்தனை மாதம் இஞ்சினுக்குள் குனிந்து தேடிய எனக்கு, நிமிர்ந்து திசையைப் பார்க்கத் தோன்றவில்லை.

"சொல்லியிருக்கலாமே மாமா."

"இன்னான்னு சொல்றது? போவ முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. வண்டி கிளம்பலன்னா யாரும் கேக்கறதில்ல." பிறகு, "நீ கண்டுபுட்சிட்ட இல்ல?" என்றார்.

"பிளக் ஈரமா இருந்துச்சு."

"அன்னிக்கே நெனச்சேன்" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. "ஊட்ல சொல்லாதம்மா. உம் புருசனுக்கு எழுதாத. வண்டிய வித்துட்டு என்ன மூலைல உக்கார வெச்சிருவாங்க."

"கண்ண ஆஸ்பத்திரில காட்டலாமே. புரைய அறுத்து எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்க."

"பாக்கலாம்."

அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் இல்லை என்று பொருள்.

சோதனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் சுற்றி என் பக்கம் வந்து நின்றார். நான் ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். பழுது பார்த்தபின் சோதிக்க, கொட்டகையிலிருந்து தெருமுனைவரைதான் அதுவரை ஓட்டியிருந்தேன். உரிமம் கிடையாது. கிளட்சை மிதித்தால் உள்ளே எந்தத் தகடு எதை விட்டு விலகும் என்று தெரியும். எதிரே லாரி வந்தால் எவ்வளவு ஒதுங்குவது என்று தெரியாது. கவரைப்பேட்டையில் பெரிய சாலை ஏறியதும் எளாவூர்ப் பக்கமிருந்து சரக்கு லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் நான் தோளைக் குறுக்கினேன், காரையே குறுக்குவது போல. அவர் காதால் ஓட்டினார்: "மாத்து. மாத்து இப்போ. இஞ்சின் அழுவுது பாரு." அது மட்டும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது.

சோதனையில் எதுவும் கடினமாக இல்லை. மைக்ரோமீட்டர், வெர்னியர், கொடுத்த துண்டுகளில் தவறானதைப் பிரிக்க வேண்டும். பிரித்தேன். மேற்பார்வையாளர், "எப்படிம்மா வந்தீங்க?" என்று கேட்டார். "மாமனார் காரில் கொண்டுவந்து விட்டார்" என்றேன். அதுதான் நான் அங்கே சொன்ன முதல் பொய். மாமனார் வெளியே மர நிழலில் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். உரிமம் எடுத்துவிட்டேன், அது கைப்பைக்குள் இருக்கிறது; வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை. காலையில் தெருவைத் தாண்டும்வரை அவர் ஓட்டுவார். ஊர் முடிந்ததும் புளியமரத்தடியில் இடம் மாறுவோம். பெரியபாளையம்வரை நான். என்னை வேனில் ஏற்றிவிட்டு, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்புவார். மாலையில் அதே போல முதுகு வெயிலில் வந்து காத்திருப்பார். மேற்கே திரும்பும் பயணம் மறுபடி என் கையில். மழை மேகம் மூடிய நாட்களில் முழுத் தொலைவும் தானே ஓட்டுவதாகச் சொல்வார். விட்டுவிடுவேன், பக்கத்தில் கையைக் கைப்பிரேக்கில் வைத்துக்கொண்டு.

நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் அவர் ஓட்ட வழியில்லாமல் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, வேலையை விட்டுவிட்டு வா என்று கணவர் எழுதியிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை. நான் போய்விட்டால் ஒன்று அவர் சொல்ல வேண்டும், இல்லை தெரியாமலே ஓட்ட வேண்டும். அவர் சொல்ல மாட்டார். எனக்காகத்தான் இருக்கிறேனா, அவருக்காகவா, வேலைக்காகவா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை.

நேற்று மாலையும் புளியமரத்தடியில் மாறிக்கொண்டோம். நான் பின் இருக்கைக்குப் போனேன், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தெருவுக்குள் நுழைந்ததும் வெயில் வீடுகளுக்கிடையே வந்து வந்து போயிற்று. யாரோ வணக்கம் வைத்தார்கள். அவர் எந்தப் பக்கமென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தலையசைத்தார்.

"எடது பக்கம் சைக்கிள், மாமா" என்றேன், உதடு அசையாமல்.

"தெரியுது."

"முன்னாடி பசு."

"தெரியுது, தெரியுது" என்றார். அதன் பிறகுதான் ஸ்டீயரிங் திரும்பியது.